கெஞ்சினால் கிளம்பும் வண்டி

என் வீட்டுக்காரர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன். மூன்று மாதமாகத் தெருவில் அவருக்குக் 'கெஞ்சலார்' என்று பெயர். தன் பழைய பிக்கப் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால், இறங்கி அதனிடம் கெஞ்சுவார். அதுவும் கிளம்பிவிடும்.

சலவைக்கூடத்திலிருந்து படுக்கை விரிப்புகளை ஏற்றி, ஏழு மணிக்குள் ஒரு ஹோட்டலில் இறக்குவது அவர் வேலை. பதினொரு வருடம் ஒழுங்காக இறக்கியவர், இந்த வண்டியால் இரண்டு தடவை பிந்திவிட்டார். "இன்னொரு தடவை லேட்டானா வேற வண்டி பாத்துக்குவோம்" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் என் தையல் மிஷினை மட்டும் நம்பி வீடு ஓடாது.

வண்டியின் வியாதி விசித்திரமானது. கிளம்பும்போது சமர்த்தாக ஓடும். கால் மணி நேரம் போனதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறும், குலுங்கும், அப்படியே நின்றுவிடும். பெட்ரோல் காட்டும் முள் என்றைக்கோ செத்துப்போனதால், அவர் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு அளவு பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடியை மூடிவிட்டு, பானட்டைத் தடவி, "என் தங்கம்ல, இன்னும் கொஞ்ச தூரம்தான்மா" என்பார். வண்டி கிளம்பிவிடும். கூடப் போகும் நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவை தங்கம் என்றிருப்பாரா? பித்தளை என்றுகூடச் சொன்னதில்லை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார், பெட்ரோல் பம்பையே மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை.

"அண்ணே, நீங்க இன்னும் மாத்தாதது வண்டியோட கலர் மட்டும்தான்" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "நாளைக்கு நானும் கூட வர்றேன் தங்கச்சி. நிக்கட்டும், பாத்துடலாம்" என்றார். மறுநாள் நானும் தொற்றிக்கொண்டேன். திட்டுவதற்கு ஆள் வேண்டாமா?

ஆறே முக்காலுக்குப் பாலத்தின் மேல் வண்டி நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி டேங்க் மூடியில் கை வைத்தார்.

"கைய எடு மாப்ளே. தொறக்காம கெஞ்சு" என்றார் மெக்கானிக்.

கெஞ்சினார். தங்கம் என்றார், கண்ணு என்றார், ராசாத்தி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. மணி ஆறு ஐம்பது.

"சரி, இப்ப வாயத் தொறக்காத. மூடியத் தொற."

திறந்ததும் டேங்க் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மெக்கானிக் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது.

"டேங்குக்கு மூச்சு முட்டுதுய்யா. பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள காத்து போகணும். அதுக்குத்தான் மூடில ஒரு சின்ன ஓட்டை இருக்கு." மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரோ நூலத் திணிச்சு, பசை போட்டு அடைச்சிருக்காங்க. பச்சை நூலு."

அது என் தையல் பெட்டி நூல். விரிப்பில் பெட்ரோல் வாடை வருகிறது என்று மூன்று மாதம் முன்பு ஹோட்டலில் குறைப்பட்டார்கள். வாடை அந்த ஓட்டையிலிருந்துதான் வந்தது. ஓட்டையைக் கண்டால் தையல்காரி கை சும்மா இருக்குமா?

"நான்தான் அடைச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். சட்டைப் பட்டன் ஒன்று தைக்கத் தெரியாத மனுஷன். மெக்கானிக் என் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடமே ஊசி வாங்கி நூலைக் குத்தி எடுத்தார்.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஹோட்டலில் இருந்தோம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மெக்கானிக் தன் தெருவில் இறங்கிக்கொண்டார். வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை. என் வீட்டுக்காரர் முகம் மட்டும் தொங்கிப் போயிருந்தது.

"வேலைதான் தப்பிச்சிருச்சே, இன்னும் என்ன?"

"இல்ல… அப்ப நான் பேசுனது எதுவுமே அதுக்குக் கேக்கலையா?"

வாய் நிறையத் திட்டு வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. பாவமாக இருந்தது.

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு. இனிமே ஆளப் பாத்துச் சொல்லுங்க."