ஆட்டுக்குட்டி செத்துப்போகும் புத்தகம்

என் மகளுக்கு அப்போது பத்து வயது. என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆண் குழந்தை. மகளிடம் நாங்கள் ஒரே வரிதான் சொன்னோம்: "தம்பி சாமிகிட்ட போயிட்டான்."

அவள் "ம்" என்றாள். தம்பிக்கென்று தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். யாரும் சொல்லாமலே தன் பாவாடை சட்டைகளைத் திரும்ப அதில் அடுக்கிவிட்டாள். நல்ல பிள்ளை, புரிந்துகொண்டது என்று நினைத்தேன். அடுத்த வாரமே வயிற்றுவலி ஆரம்பித்தது. தினமும் காலையில், சரியாகப் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் சுருண்டு படுத்துக்கொள்வாள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாததற்கு ஏன் வலிக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

நாங்கள் குருசுக்குப்பத்தில் இருக்கிறோம். சனிக்கிழமைகளில் அவளைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப்போவது வழக்கம். அங்கே ஒரு மெல்லிய புத்தகம் எடுத்தாள். அட்டையில் வெள்ளை ஆட்டுக்குட்டி. அடுத்த வாரமும் அதையே வேண்டும் என்றாள். அதற்கடுத்த வாரமும். "வேற எதுனா எடுத்துக்கயேம்மா" என்று நூலகத்து அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

அவள் குளிக்கப் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தேன். நடுப்பக்கத்திலேயே குட்டி செத்துப்போகிறது. இந்த நிலைமையில் பிள்ளை படிக்கிற கதையா இது? எடுத்து பீரோவுக்கு மேல், சூட்கேஸுக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள்.

"ப்பா, அந்த புக்க எங்க வச்சிருக்க?"

"அது எதுக்கு? அழுவுற கதை. வேற வாங்கித் தரேன்."

"அழுவுற கதை இல்லப்பா அது."

"குட்டி செத்துப்போவுதே?"

"அது பாதியிலயே முடிஞ்சிடும். அப்புறம் அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் கேட்டுக்கினே இருப்பா. யாரும் சொல்ல மாட்டாங்க."

"என்ன கேப்பா?"

"குட்டிய எங்க பொதச்சீங்கன்னு." இன்னும் கிட்டே வந்தாள். "நீ தம்பிய எங்கப்பா பொதச்ச?"

சமையற்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. வந்து பேச்சை மாற்றுவாள் என்று மனைவியின் பக்கம் பார்த்தேன். அவள் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள். "எனக்கும் தெரியாது."

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். நானும் என் மச்சானும்தான் குழந்தையை எடுத்துப் போனோம். மூன்று மாதமாக அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் ஆறிவிடும் என்று இருந்துவிட்டேன்.

சொன்னேன். கருவடிக்குப்பம் சுடுகாடு. ஒரு வேப்பமரத்தடி. மஞ்சள் துணி.

"முடி இருந்துச்சா?" என்றாள் மகள்.

"நெறைய."

"யாரு மாதிரி?"

"ஒங்கம்மா மாதிரி." அதை நான் கவனித்திருந்தேன் என்பதே சொல்லும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகள் அழவில்லை. அம்மாவின் பின்கழுத்தில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இது நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று தெரியாமல் நான் நின்றேன். கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். மழை பெய்து இடம் முழுக்கப் புல் மண்டியிருந்தது. நான் அடையாளம் வைத்திருந்தது ஒரு வேப்பமரம். அங்கே மூன்று இருந்தன. மூன்றையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒன்றின் கீழே கையைக் காட்டினேன். மனைவி பால் ஊற்றினாள்.

"கரெக்ட்டா இங்கதானாப்பா?"

"ஏறக்குறைய."

மகள் என் முகத்தையே பார்த்தாள். "பரவால்லப்பா. அந்தக் கதையிலயும் கடைசி வரைக்கும் எடம் தெரியாது" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வயிற்றுவலி உடனே போய்விடவில்லை. பிறகும் சில காலைகளில் வந்தது. பிறகு குறைந்தது. எந்த நாளோடு நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவளாகவே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பேய்க்கதை எடுத்துக்கொண்டாள்.

ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாராலும் செய்ய முடியாததை அதில் எந்த வரி செய்தது என்று பார்த்துவிட வேண்டும். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் வைத்துப் படித்தேன். "இன்னாண்ணே, பசங்க புக்கு?" என்று சிரித்தார்கள். சாதாரண எழுத்து. அங்கங்கே அச்சுப்பிழை. பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் அந்தப் பெண் கேட்கும்போது அவள் அப்பா, "போய் வெளையாடு" என்கிறார். அங்கே மூடி வைத்துவிட்டேன்.

இந்த இடம்தான் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டேன்.

"அந்தக் கதையில ஒனக்கு எந்த எடம் புடிச்சுது?"

"குட்டி மொதமொதல்ல மழையில நனையும் இல்ல? மூக்குல தண்ணி போயி தும்மித் தும்மிக் கீழ வுழும். செம காமெடிப்பா."

அப்படி ஒரு பக்கம் இருந்ததே எனக்கு நினைவில்லை. செத்துப்போகும் பக்கத்தைத் தேடி ஓடியதில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். தும்மலுக்குத் தும்மல் குரலை மாற்றினாள். என் மனைவி சிரித்துவிட்டாள். உடனே, சிரித்துவிட்டோமே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

என்ன முகம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னொரு வாட்டி படி" என்று மட்டும் மகளிடம் சொன்னேன்.