செவ்வாய் காட்டாத பலகை

ஈயம் உருகும்போது கிளம்பும் அந்தப் பிசின் புகை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்த ஷெட்டைக் கடந்தாலும் மூக்கில் ஏறுகிறது. ஏறிய வேகத்தில் ஆவடியில் அண்ணன் வீட்டுச் சுவர் எதிரே வந்து நிற்கிறது.

மூளையில் ரத்தம் அடைத்துப் பிழைத்து வந்த அண்ணனுக்கு எல்லாம் நினைவிருந்தது, கிழமையைத் தவிர. எழுந்ததும் கேட்பார், பல் தேய்த்துவிட்டும் கேட்பார். நாங்கள் சொன்னால் நம்பமாட்டார். அதனால் ஈயப் பற்று வைத்து ஒரு மின்பலகை செய்து அவர் வீட்டுச் சுவரில் மாட்டினேன். கிழமை, தேதி, மணி மூன்றும் தமிழில் ஒளிரும். அதைப் பார்த்துத்தான் சட்டை போடுவார். செவ்வாய் என்றால் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி. வாரம் தவறாமல் போனால் விரல்கள் மறுபடி மடங்கும் என்றிருந்தார் டாக்டர்.

முதல் செவ்வாயன்றே அண்ணி போன் செய்தார்.

"தம்பி, போர்டுல மணி கீது, தேதி கீது, கிழமைய மட்டும் காணோம். உங்கண்ணன் கெளம்ப மாட்டேன்னு உக்காந்துகினு கீறாரு."

பின்னாலிருந்து அண்ணன் குரல்: "கிழமையே இல்லாத நாள்ல எந்த ஆஸ்பத்திரிடி தொறந்துகினு இருக்கும்?"

மறுநாள் ஓடினேன். புதன் என்று பளிச்சென எரிந்தது பலகை. வியாழன் வந்தது, வெள்ளி வந்தது, அடுத்த செவ்வாய் மறுபடி வெறுமை. மின்சாரமா, கடிகாரச் சில்லா, என் தலையா? ஒரு கிழமை மட்டும் எந்தச் சந்தில் போய் ஒளிந்துகொள்ளும்?

"போர்டுக்கும் செவ்வா தோஷமா தம்பி?" என்றார் அண்ணி. சிரிக்க முடியவில்லை. அண்ணனின் விரல்கள் விறைத்தே கிடந்தன.

சி என்ற கணினி மொழியில் கிழமை, தேதி, மணி எதையும் எழுத்துகளாக வடித்துத் தரும் ஃபங்ஷன் என்றொரு தயார்க் கட்டளை உண்டு. எத்தனை எழுத்துக்கு இடம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பற்றாவிட்டால் சுழியம் என்று பதில் தந்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். நான் தமிழ் படித்த பிள்ளையாக விரல்விட்டு எண்ணியிருந்தேன்: செ, வ், வா, ய். நான்கு. தாராளமாக இருக்கட்டுமே என்று கிழமைக்கு எட்டு இடம். கணினியோ கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றையும் தனி ஆளாக எண்ணுகிறது. அதன் கணக்கில் செவ்வாயே எட்டு. சொல் முடிந்தது என்று குறிக்க இன்னுமொரு இடம் வேண்டும். மற்ற கிழமைகள் ஏழுக்குள் அடங்கிவிட்டன.

இடத்தை அதிகமாக்கினேன். குழப்பம் குறையவில்லை. இத்தனை வருடம் நான் எழுதியது நான்கா, எட்டா?

அடுத்த செவ்வாய் காலையில் அங்கேயே நின்றேன். கிழமை எரிந்தது. அண்ணன் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் பலகையை. சட்டையை எடுத்தார். அண்ணி ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்தார். வண்டி உறுமியதும் அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"டேய், போர்டு செவ்வான்னுது. நீ இன்னா சொல்ற?"

"செவ்வாய்தாண்ணா."

"நீ சொன்னா சரி. போய்ட்டு வரேன்."