ஆறாவது துளை

ஒவ்வொரு அளவும் சரியாக இருந்தும் ஒரு பொருள் தப்பாக முடியுமா? முடியாது என்கிறீர்களா? அப்படியானால் அந்தத் தொழிலாளியை நீங்களும் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

ஆலையில் அவளை எல்லோரும் டிராயிங் அக்கா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரைகிறாள். மதியம் தாண்டினால் கழுத்து வலி ஆரம்பித்துவிடும். வீட்டில் புருஷன், "படத்துல போடற மாதிரி காய் நறுக்கறதுக்கும் கூடக்குறைய எவ்வளவு போகலாம்னு சொல்லிடும்மா" என்று கேலி செய்வான். சிரிக்கக்கூட அலுப்பாக இருக்கும்.

அன்று காலை டிரில்லிங் மிஷின்காரர் அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் அக்காதான்.

"அக்கா, இருநூறு தகடும் ரிஜெக்ட். தகட்டு மேல மூடியை வெச்சா கடைசி போல்ட் இறங்க மாட்டேங்குது. நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாரு மேனேஜர்."

"அளந்து பார்த்தீங்களா?"

"பார்க்காமயா? வெர்னியர் அளவுகோல் தேயற அளவுக்குப் பார்த்தாச்சு. துளைக்குத் துளை நாப்பது மில்லி, பாயின்ட் ஒண்ணு கூடலாம் குறையலாம்னு நீங்கதான போட்டிருக்கீங்க? எல்லாமே நாப்பது பாயின்ட் பூஜ்யம் எட்டு. உள்ளதான இருக்கு?"

உள்ளேதான் இருந்தது. அவள் பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஆறு துளை, ஐந்து இடைவெளி. ஒவ்வொன்றிலும் துளித்துளியாகக் கூடிக் கடைசித் துளை கிட்டத்தட்ட அரை மில்லி நகர்ந்திருக்கிறது. மூடியின் துளைகளோ எல்லாம் ஒரே ஓரத்திலிருந்து அளந்தவை. பிழை அங்கே சேரவே வழியில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்று சேமிப்புக்கு மட்டுமா சொன்னார்கள்?

தகட்டையும் முதலில் அப்படித்தான் வரைந்திருந்தாள். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஏணி மாதிரி கோடு கோடா இழுத்து வெச்சிருக்க? துளைக்குத் துளை ஒரே வரியில போடு, பார்க்க லட்சணமா இருக்கும்." அன்றைக்கும் கழுத்து வலி. வாதாடத் தெம்பில்லை. மாற்றிவிட்டாள். 'வரைந்தவர்' கட்டத்தில் அவள் கையெழுத்து இருந்தது. 'சரிபார்த்தவர்' கட்டம் காலி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. ஒரு தகட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அவருக்குக் கை நடுங்குதும்மா. வயசாயிடுச்சு."

"கை நடுங்கினா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும் சார். இங்க இருநூறும் ஒரே மாதிரி இருக்கு. தப்பு கையில இல்ல, காகிதத்துல."

"வரைஞ்சது நீதானே?"

"நான்தான். மாத்தச் சொன்னது நீங்க. ரெண்டு பேர் செஞ்ச தப்புக்கு மூணாவது ஆள் எதுக்கு வீட்டுக்குப் போகணும்?"

மேனேஜர் படத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் பதில் இருப்பதுபோல. அங்கே வெறும் வெள்ளைதான்.

மிஷின்காரர் வேலையில் நீடித்தார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேனேஜருக்கு ஒன்றும் வரவில்லை. கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கழுத்தைத் தேய்த்தபடி தகட்டை மறுபடி ஒரே ஓரத்திலிருந்து அளந்து வரையத் தொடங்கினாள்.

உங்கள் இடத்திலும் நாளை யாராவது, "வேலை செய்யறவன் கை சரியில்ல" என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். சரிபார்த்தவர் யார் என்று உரக்கக் கேளுங்கள்.