போகும்போது ஐந்து, வரும்போது ஐந்து

ஸைத்தோன் கைக்குப் போன காசு லேசில் வெளியே வராது என்று அவள் புருஷன் மொக்தார் சொல்வான். பொய்யில்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்குக் காலை ரயிலில் போக ஐந்து ரிங்கிட். சாயங்காலம் அதே ரயிலில், அதே ஐந்து நிமிடம் திரும்பி வர ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. நம் காசுக்கு மூன்று மடங்குக்கு மேல் வரும். சிங்கப்பூர் உணவங்காடியில் தட்டுக் கழுவப் போன ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவள் அந்த ஐந்து வெள்ளியைக் கொடுத்ததில்லை. காலையில் ரயில், மாலையில் பேருந்து. இரு நாட்டுக்கும் நடுவிலுள்ள கடல் பாலத்தில் இரண்டு மணி நேரம் நெரிசலில் நின்றாலும் சரிதான்.

"அந்தக் கரையில அவங்க காசு, இந்தக் கரையில நம்ம காசு. அவ்வளவுதான்," என்பான் மொக்தார். "வீட்டுக்குத் திரும்புற நேரத்துல பத்து வெள்ளி கேட்டாலும் ஜனம் ஏறும்."

"ஏறுறவங்க ஏறட்டும் அபாங். எனக்குக் காலு இருக்கு, பஸ்ஸு இருக்கு," என்பாள் புருஷனிடம்.

அக்கரையிலும் அவள் விடுவதில்லை. காலை ஏழே முக்காலுக்கு முன் அட்டையைத் தட்டினால் சிங்கப்பூரின் எம்ஆர்டி நகர ரயிலில் கட்டணம் குறையும். அதற்காகத் தினமும் ஏழு நாற்பதுக்கு மூச்சு வாங்க ஓடிவந்து தட்டுவாள். மிச்சமாவது சில்லறைதான். அன்று முழுக்க அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி.

அந்த வருடம் மகள் அலேயாவுக்கு எட்டு வயது. முதல் தடவையாக முழு நோன்பு பிடிக்கப் போகிறாள். அதற்கு அவள் போட்டது ஒரே நிபந்தனை.

"நீ கூட இருந்தாத்தான் நோன்பு திறப்பேன். பஸ்ஸுலேருந்து போன் பண்ணக் கூடாது."

ஒவ்வொரு நோன்பு மாதமும் ஸைத்தோன் பாலத்து நடுவில், பேருந்துக் கம்பியைப் பிடித்தபடி, ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பவள். பிள்ளைக்குத் தெரியாதா என்ன? சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். பேருந்தை நம்ப முடியாது, ரயில்தான்.

போனைத் திறந்தாள். காலையில் வழக்கமாக எடுக்கும் டிக்கெட் முதலில் வந்து நின்றது. நேரத்தை மட்டும் மாலை ஆறே முக்கால் என்று மாற்றினாள். ஐந்து ரிங்கிட் என்று காட்டியது. அவளுக்கு நம்ப முடியவில்லை. நேரத்தைப் பொறுத்துக் குறைப்பார்கள் என்பதுதான் எம்ஆர்டியில் பார்த்ததாயிற்றே, நோன்பு மாதத்துக்கு இந்த ரயிலிலும் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்து, அழுத்திவிட்டாள்.

"பாத்தீங்களா, அஞ்சே ரிங்கிட்," என்று புருஷனிடம் வேறு பீற்றிக்கொண்டாள்.

முதல் நோன்பன்று மாலை உட்லண்ட்ஸ் நிலைய வாசலில் டிக்கெட் பார்க்கும் பெண் போனை இரண்டு முறை பார்த்தாள்.

"அக்கா, இது அங்கேருந்து இங்க வர்ற டிக்கெட்டு."

"ஆறே முக்கால்தானே?"

"நேரம் சரிதான். பக்கம் தப்பு. இன்னைக்கு மிச்ச சீட்டும் இல்ல."

ஸைத்தோனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மலிவு என்றதும் கண் அவிந்துபோயிற்று. பேருந்துப் பக்கம் ஓடினாள். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பார்த்தால், வரிசை அசையவே இல்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தில் நடக்க ஆரம்பித்தாள்.

பாதிப் பாலத்தில், நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் மக்ரிப் பாங்கு கேட்டது. கையில் பேரீச்சம்பழம் இருந்தது. வாயில் போட மனம் வரவில்லை. அதைக் கைக்குள் வைத்தபடியே நடந்தாள்.

ஜொகூர் பாரு நிலையத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது பாங்கு சொல்லி இருபது நிமிடமாகியிருந்தது. ரயிலை எதிர்பார்த்து வந்த தகப்பனும் மகளும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரிக்காத சோற்றுப் பொட்டலங்கள். அலேயாவின் உதடு வறண்டு கிடந்தது.

"தண்ணியாவது குடின்னு சொல்லிப் பாத்துட்டேன். கேட்டாத்தானே," என்றான் மொக்தார்.

ஸைத்தோன் தரையில் உட்கார்ந்து, கைக்குள் பிசுபிசுத்துப்போன பழத்தைப் பிட்டுப் பாதியை மகள் வாயில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். மொக்தாருக்குச் சிரிப்பு வந்தது, மனைவி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அலேயா மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பக்கத்துலேருந்து எவ்வளவும்மா?"

"அஞ்சு வெள்ளி."

"போன பெருநாளைக்குக் குடுத்த காசு எங்கிட்ட அப்படியே இருக்கு. பச்சை உறையைக்கூடப் பிரிக்கல. அத எடுத்துக்க. நாளைக்கு ரயில்ல வா."

ஸைத்தோன் மீதிப் பாதிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் போனை எடுத்தாள். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு என்று மகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த மாதத்து மாலை ரயில்களில் இடம் இருந்த நாளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக டிக்கெட் எடுத்தாள்.