பாக்கியம் மறுபடி எழுதவைத்த பெயர்கள்

பாக்கியம் போய்விட்ட செய்தி வந்தபோது, கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள என் தட்டச்சுக் கடையில் யாருக்கோ விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன். பன்விலவிலிருந்து கோகிலா போனில் பேசினாள். "அக்கா, வேலையா இருக்கீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப முடிச்சிட்டு எடுங்க" என்றாள். குரல் சரியில்லை. என்னடி என்று அதட்டினேன். "பாக்கியம் அக்கா காலையில எந்திரிக்கல" என்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம். என்னைவிட மூன்று வயது இளையவள். எனக்கு முன்னால் போக இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று நினைத்தேன். பிறகு கடையில் ஆட்கள் இருப்பதையும் பாராமல் அழுதேன்.

இதைப் படிக்கிற பலருக்கு அவளைத் தெரியும். நினைவஞ்சலி என்றால் 'அவர்' என்றுதான் எழுத வேண்டுமாம். அப்படி எழுதினால் அவளே சிரிப்பாள். அவள் என்றே எழுதுகிறேன்.

பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள் அவள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. பெண்கள் உரிமை என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. "கேக்க வேண்டியத கேக்கணும், அவ்வளவுதான்" என்பாள். தோட்டத்துப் பெண்களுக்காக அவள் கேட்டுக் கேட்டு வாங்கியவற்றைப் பலரும் மேடையில் பேசிவிட்டார்கள். நான் கூடவே இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அவள் கூட்டம் நடத்திய இடம் கொழுந்து நிறுக்கிற இடம். வெளியூர்களிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் சிலர், பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை போட்டுக் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று குறைப்பட்டார்கள். பாக்கியம் சொன்னாள்: "மண்டபத்துக்கு வரணும்னா குளிக்கணும், நல்ல சீலை கட்டணும், வீட்டுல பதில் சொல்லணும். நிறுவைக்கு எல்லாரும் வந்துதானே ஆகணும்." கூடையை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கிற அந்த அரை மணி நேரத்தில் அவள் ஒருத்தியிடமிருந்து ஒருத்தியிடம் போவாள். ஒரு தடவை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைச் செங்குத்தான மலைக்குப் பறிக்க அனுப்பியிருந்தார்கள். அன்று நிறுவையில் எந்தப் பெண்ணும் கூடையை இறக்கவில்லை. சத்தமில்லை, கோஷமில்லை, எல்லோரும் சும்மா நின்றார்கள். கணக்கப்பிள்ளைக்குத்தான் வியர்த்தது. அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்குத் தேயிலை நாற்று மேடையில் வேலை கிடைத்தது.

இனி என் குட்டு வெளிப்படுகிற கதைக்கு வருகிறேன். லயம் என்கிற வரிசைக் குடியிருப்புகளை விட்டுத் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்போகிறார்கள், நிலத்துக்குக் காணி உறுதிப் பத்திரமும் வரும் என்று படிவங்கள் வந்தன. எல்லாம் சிங்களத்தில். நானும் அந்தத் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவள், சிங்களம் தெரியும், கையெழுத்தும் அழகு. "ஒரு ஞாயித்துக்கிழமை வந்து நிரப்பிக் குடுங்க அக்கா" என்று பாக்கியம் கூப்பிட்டாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். அவளுக்கு அன்று வேறு தோட்டத்தில் ஒரு சாவு வீடு. சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம். வந்த பெண்களிடம் "வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டேன். நம் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. ஒருத்தி தன் மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள். ஒருத்தி, "பழனியில நிக்கிற சாமி" என்றாள். முருகனா என்றேன். "அதே சாமிதான், கொஞ்சம் நீளமான பேரு" என்றாள். சுப்பிரமணியம் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கோகிலாவின் முறை வந்தபோது அவள் வானத்தைக் காட்டி, "இருட்டுனா மேல வருமே" என்றாள். சந்திரனா என்றேன். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, சந்திரன் என்று அழகாக எழுதினேன். பொழுது சாய்வதற்குள் ஒரு கட்டுப் படிவங்கள் தயார்.

பாக்கியம் வந்தாள். தமிழையே எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள், சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதனால் என்னையே வாசிக்கச் சொன்னாள். நான் வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது. "எல்லாம் ஆம்பளை பேரா இருக்கே" என்றாள். படிவம் அதைத்தான் கேட்கிறது என்றேன். "காலையில வேலைக்குப் பெரட்டுல பேரு கூப்பிட்டா வந்து நிக்கிறது யாரு? தோட்டத்துப் பதிவுல யாரு பேரு இருக்கோ அவங்களுக்குத்தானே லயம் குடுத்தாங்க" என்றாள். பிறகு சொன்னதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "சொல்லக் கூடாத பேரைக் கண்டுபிடிக்க ஒரு நாள் பூரா பாடுபட்டிருக்கீங்க அக்கா. முன்னால வந்து நின்னவளோட பேரை ஒருத்திகிட்டயும் கேக்கலையே."

எனக்குச் சுருக்கென்றது. சும்மா வந்து செய்கிறவளையே குற்றம் சொல்கிறாயா என்று கத்தினேன். "சும்மா செஞ்சாலும் சரியா செய்யுங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தவள் மன்னிப்புக் கேட்கவில்லை. "கோகிலா வீட்டை ஒருக்கா பாத்துட்டு பஸ் ஏறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் சந்திரன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் மூன்று வருடமாக ஒரு தகவலும் இல்லை. கொழுந்து பறித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவள் கோகிலா. பக்கத்துக் காம்பராவில் இருந்த கொழுந்தன், எங்கள் காதுபடவே சொன்னான்: "அண்ணன் பேருக்கு வீடு வருதாமே. அப்ப அது எங்க வீடு. அண்ணி புள்ளைங்களோட அவங்க அம்மா வீட்டுக்குப் போகட்டும்." கோகிலா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைத் தெருவில் விடுவதற்கான பெயரை என் கையால், என் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கக்கேடு. வேறு சொல் இல்லை.

அடுத்த ஞாயிறு புதுப் படிவங்களோடு உட்கார்ந்தேன். இந்தத் தடவை பாக்கியம் என் பக்கத்திலேயே இருந்தாள். "உங்க பேரு என்ன?" என்று கேட்டதும் பெண்கள் புருஷன் பெயரைச் சாடையாகச் சொல்லத் தொடங்கினார்கள். நான் பொறுமையிழந்து, எனக்குத் தெரிந்த பெயரை எழுதப் போனேன். பாக்கியம் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லாதீங்க. அவ வாயால வரட்டும். எவ்வளவு நேரமானாலும் வரட்டும்." சிலர் சொன்னார்கள். சிலர், அவர் கோபித்துக்கொள்வார் என்று புருஷன் பெயரையே எழுதச் சொன்னார்கள். பாக்கியம் அவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் புருஷன் முனியாண்டி அண்ணன் தேயிலை ஆலையில் வேலை பார்த்த சாது. வீடு பாக்கியத்தின் பெயரிலா என்று யாரோ சீண்டியபோது, "மழைக்கு ஒழுகாம இருந்தா சரி" என்றார்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்குத்தான் பொறுக்கவில்லை. நிறுவைக்கே வந்துவிட்டார். "குடும்பத்தைப் பிரிக்கப் பாக்கிறியா பாக்கியம்?"

"இல்லீங்க தலைவரே. குடும்பம் ரோட்டுக்கு வராம பாக்கிறேன்."

"ஆம்பளை உசிரோட இருக்கயில பொம்பளை பேருல வீடா?"

"உசிரோட இருக்காருன்னு நீங்க எழுதிக் குடுங்க. எங்க இருக்காருன்னும் சேத்து எழுதுங்க. கோகிலாவுக்கே தெரியாது."

வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் போய்விட்டார்.

ஆனால் காரியாலயத்தில் கோகிலாவின் படிவம் மட்டும் திரும்பி வந்தது. கணவன் உயிரோடிருந்தால் அவர்தான் குடும்பத் தலைவர், மனைவி பெயரை எழுத அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கொழுந்தன் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். கோகிலா, "விட்டுருங்கக்கா, எங்க அம்மா வீட்டுக்கே போயிர்றேன்" என்று அழுதாள். பாக்கியம் விடவில்லை. பிடித்தால் உடும்புப் பிடி. தோட்டத்தில் கோகிலாவின் பெயர்தான் பதிவில் இருக்கிறது என்று ஒரு கடிதம், சந்திரன் ஊரில் இல்லை என்று கிராம சேவகரின் கடிதம் ஒன்று, எல்லாவற்றையும் அலைந்து வாங்கினாள். வேலை நாளை விட்டுவிட்டு என்னையும் கோகிலாவையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளோடு போனால் சோறு தண்ணி கிடையாது; பசிக்கிறது என்றால், "வந்த காரியம் முடியட்டும்" என்பாள். நான் அவளைத் திட்டாத பயணமே இல்லை.

காரியாலயத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் கடிதங்களை எல்லாம் வாசித்தார். பிறகு நேரே கோகிலாவைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "உங்கள் வீட்டுக்கு யார் பொறுப்பு?" கோகிலா பாக்கியத்தைப் பார்த்தாள். கேள்வியைத் தமிழில் சொன்ன நான், பதிலையும் நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே பாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள். தோல் கன்றிப்போகிற கிள்ளு. அந்த அம்மையாரும் காத்திருந்தார். கடைசியில் கோகிலா, "மம" என்றாள். சிங்களத்தில் நான் என்று அர்த்தம். அம்மையார் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீடு வந்தது. அடுத்த வருடமே சந்திரனும் வந்து சேர்ந்தான், மெலிந்துபோய், ஒரு பையோடு. கோகிலா எங்களிடம் வந்து சொன்னாள்: "அவரு இப்ப என் வீட்டுலதான் இருக்காரு. ஒழுங்கா இருந்தா இருக்கலாம்னு சொல்லியிருக்கேன்." பாக்கியம் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று இந்த நாட்களில் யோசிக்கிறேன். அவளுடைய துணிச்சல் எனக்கு வராது. அவள் மாதிரி பட்டினியாக அலையவும் என்னால் முடியாது. ஒருவரிடம் பெயரைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும்வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை நான் விடப்போவதில்லை.

மூன்றாம் நாள் மரணப் பதிவுக்கான படிவத்தை நிரப்பச் சொல்லி என் முன்னால் வைத்தார்கள். முனியாண்டி அண்ணன் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இறந்தவர் பெயர் என்ற கட்டம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் அவரிடம் கேட்டேன். அவர், "நம்ம பையனோட அம்மா" என்றார். அத்தனை வருடத்தில் அவர் அவளை 'இந்தா புள்ள' என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். மகன் குறுக்கே, "அம்மா பேரு..." என்று தொடங்கினான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கோகிலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்கியம்" என்றார். "பாக்கியம்னு எழுதுங்க."

எழுதினேன்.