பானைக்குள் சும்மா கிடந்த இடம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நான் வைத்திருக்கும் கேஸ் சூளை சின்னது. அதனால் மண்ணில் கை வைக்கும்போதே, இது சூளையில் எங்கே உட்காரும் என்றுதான் யோசிப்பேன். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி வனைவேன். மூடிகளின் குமிழைக் குட்டையாக்குவேன். நிரம்பிய பஸ்ஸில் இன்னும் நாலு பேரைத் தள்ளும் கண்டக்டரின் புத்தி எனக்கு. காலி இடத்தைக் கண்டால் பொறுக்காது.

ராதாபுரத்தில் மகளின் புது வீட்டுப் பால்காய்ப்புக்காக ஒரு தண்ணீர்ப் பானை வனைந்திருந்தேன். இன்னும் சுடாத பச்சைப் பானையைச் சூளையில் வைத்தபோது அதன் வயிற்றுக்குள் அவ்வளவு இடம் சும்மா கிடந்தது. பக்கத்தில் என் கணவர் செய்த குவளை இருந்தது. பக்கவாதத்தில் வலது கை மடங்கிப்போன பிறகு அவர் மண்ணைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். முன்பு சுட்டபோது அது ஒரு பக்கம் வெளிறிவிட்டது. மறுபடி சுட்டால் நிறம் பிடிக்கும் என்று பானைக்குள் விட்டேன். வாயை உரசிக்கொண்டு இறங்கியது.

சூளையைப் பற்றவைத்துவிட்டுக் கீழே வந்து அரிசி களையும்போதுதான் உறைத்தது. பச்சைப் பானை வேக வேகச் சுருங்கும்; அதன் வாயும் குறுகும். ஏற்கெனவே வெந்த குவளை சுருங்காது. பாதியில் அணைத்துத் திறந்தால் எல்லாமே விரிசல் விட்டுவிடும்.

"ஏளா, என் டம்ளர் இந்தத் தடவ செவந்திருக்குமா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். செவந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நடமாடினேன்.

மறுநாள் சூளை ஆறியது. பயந்தபடியேதான். பானையைச் சாய்த்தால் குவளை வாய்வரை வந்து முட்டி நின்றது. நன்றாகச் சிவந்துமிருந்தது. அழுதுவிட்டேன்.

"பானைய ஒடைச்சிருதேன். மகளுக்கு வேற செஞ்சு குடுத்துக்கிடலாம்."

அவர் பானையை மடியில் வைத்து, மடங்கிய கையால் அணைத்துக்கொண்டு, இடது கையை உள்ளே விட்டு, குவளையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வரமாட்டேங்கு. ஒடைக்காத, அப்படியே குடுத்து விடு."

"தண்ணி கோரும்போதெல்லாம் லொடலொடன்னு தட்டுமே."

"தட்டட்டும். நான் போன பெறவும் அவளுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்லா."

எழுந்துபோய், கை கொள்ளாத அளவு மண்ணை அள்ளிவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கும் ஒரு டம்ளர் செய்யுங்க," என்றேன். "இப்பமே."