ஊசி அக்கா சொன்ன பொடி

என் சித்தி மகள் அவள். எனக்கு நாலு வயது மூத்தவள். ஊசி அக்கா என்றால்தான் சொந்தத்தில் ஆளைத் தெரியும். பேச்சு அப்படி. வீட்டுக்காரருக்கு நகைப் பட்டறை. அங்கே பொடி கலப்பது இவள் வேலை. கல்யாணமான மறுமாதமே கைக்கு வந்தது. பதினோரு வருஷமாக வேறு யாரையும் தொட விட்டதில்லை.

பொடி என்றால் வேறொன்றுமில்லை. தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் அளவாகச் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவி எடுக்கிற தூள். நகைக்கு முந்தி இது உருகிவிடும். இணைப்பில் வைத்துக் குழலால் ஊதினால் ஓடிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே வேறொன்று இருப்பது வெளியே தெரியாது. பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அந்தப் பேச்சே பட்டறையிலிருந்து கிளம்பியதுதான் என்பார் அக்காவின் மாமனார்.

கொழுந்தன் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். ஆறே மாதம். "சின்னவ வந்ததும் பட்டறைக்கே களை வந்திருச்சு" என்றார் அதே மாமனார்.

"களையா! அப்போ நான் இருந்த பதினோரு வருஷமும் இது சுடுகாடா?" என்று என்னிடம் வந்து பொரிந்தாள்.

பிறகு ஒருநாள் வீட்டுக்காரர், "பொடி கலக்கிறத அவளுக்கும் சொல்லிக் குடேன்" என்றார். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"இதுல என்ன பெரிய வித்தை? வளையல் தங்கத்தையே ராவிப் போடு, போதும்" என்றாள் சின்னவளிடம்.

"வெள்ளி, செம்பு எதுவும் வேணாமாக்கா?"

"நான் சொல்றேன்ல?"

மறுநாள் வீட்டுக்காரர் ஊதினார். பொடியும் வளையலும் ஒன்றாக உருகி, விளிம்பு வழிந்து கோணிவிட்டது. மிச்சப் பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே கலக்கலையே. யாரு சொன்னது?"

"அக்கா சரியாத்தான் சொன்னாங்க அத்தான். நான்தான் மறந்துட்டேன்" என்றாள் சின்னவள்.

"தங்கமான பொண்ணு" என்றார் மாமனார்.

அக்கா தப்பித்தாயிற்று, பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நல்லவள் என்ற பேரும் அவளுக்கே போவதா?

"அவ ஒண்ணும் மறக்கல! நான்தான் தப்பா சொன்னேன், வேணும்னே!"

வீட்டுக்காரர் பொடி டப்பாவை எடுத்துச் சின்னவள் முன்னால் வைத்தார்.

"எப்படிக் கலப்பா? அளவு என்கிட்டதானே இருக்கு?" என்றாள் அக்கா.

"சொல்லு. அவ எழுதிக்கட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், ஒவ்வொரு அளவாகச் சொன்னாளாம். அதுவரை அழாமல்தான் என்னிடம் சொன்னாள். சின்னவளுடைய கையெழுத்தும் அழகாக இருந்தது என்று சொன்னபோதுதான் உடைந்துபோனாள்.